இருநூறு புளியங்கொட்டையும் ஒரு பேரெண்ணும்

39,72,99,90,29,388.

இவ்வெண்ணை முதற்கண் வாய்விட்டுப் படியுங்கள். மூன்று நூறாயிரத்துத் தொண்ணூற்றேழாயிரத்து இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது கோடியே தொண்ணூறு நூறாயிரத்து இருபத்தொன்பதாயிரத்து முந்நூற்று எண்பத்தெட்டு. ஒரு மூச்சில் சொல்லிவிடலாம். கடன் வாங்கிய சொல் ஒன்றுமில்லை. கோடி என்பது வடசொல்லன்றோ என்று எவரேனும் குறுக்கிடுவாராயின், தெருக்கோடியிலும் புடைவைக்கோடியிலும் நின்று கடைமுனையை உணர்த்துகின்ற அச்சொல்லே எண்ணின் கடைமுனைக்கும் ஆயிற்று என்பது நம் சொல்லாய்வு வழியினர் துணிபு. மறுப்பாரும் உளர். அவ்வழக்கை இங்கு விரிக்கப் போவதில்லை.

ஆனால் ஒன்று சொல்லாமல் மேற்செல்ல மனமில்லை. இவ்வெண்ணில் ஐந்து ஒன்பதுகள் உள்ளன. தமிழில் ஒன்பது தனக்குரிய தானத்தில் நில்லாது, மேல்தானத்தின் பெயரைத் தாங்கி வரும். ஒன்பதில் பத்தின் பெயர் உண்டு. தொண்ணூற்றில் நூற்றின் பெயர் உண்டு. தொள்ளாயிரத்தில் ஆயிரத்தின் பெயர் உண்டு. ஒன்பதைத் தொண்டு என்றே வழங்கிய காலம் ஒன்று இருந்தது. தொல்காப்பியத்தில் அச்சொல் ஆளப்பட்டுள்ளது. தொண்ணூறு என்னுஞ் சொல்லைப் பிரித்துக் காட்டினால் பன்னிரண்டு அகவைப் பிள்ளையும் வியந்து நிமிர்கிறான். எண்ணுப்பெயர் கற்பிக்க இதனினும் நல்ல வாயில் வேறில்லை. நாமோ அதனை இலக்கண வகுப்பில் புணர்ச்சிக்கு எடுத்துக்காட்டாக நிறுத்தி, கணக்கு வகுப்பிற்கு அனுப்பாது விட்டுவிட்டோம்.

இனி, இப்பேரெண் எங்கிருந்து வந்தது? விண்மீன்களை எண்ணியதால் வந்ததன்று. கடல்மணலை எண்ணியதாலும் வந்ததன்று. இருநூறு புளியங்கொட்டைகளிலிருந்து வந்தது.

சவ்வாது மலையில், கணக்காசிரியர் இடம் நெடுநாள் ஒழிந்து கிடந்த பள்ளியொன்றில், தமிழாசிரியனாகிய யான் கணக்கு வேளையையும் பார்த்துக்கொள்ள நேர்ந்தது. வாய்பாடு ஒப்புவிப்பதில் பிள்ளைகட்கும் எனக்கும் சலிப்பு. ஒருநாள் ஆளுக்கு நான்கு புளியங்கொட்டைகளைக் கொடுத்து, "இவற்றை எத்தனை வகையாகக் குவித்து வைக்கலாம்? குவியல்களின் முன்பின் வரிசை கணக்கில்லை, எந்தக் குவியலில் எத்தனை என்பதே கணக்கு" என்றேன். நான்கும் ஒரே குவியல், மூன்றும் ஒன்றும், இரண்டும் இரண்டும், இரண்டும் ஒன்றும் ஒன்றும், நான்கும் தனித்தனி. ஆக ஐந்து வகை. ஐந்து கொட்டைக்கு ஏழு வகை, ஆறுக்குப் பதினொன்று, பத்துக்கு நாற்பத்திரண்டு. பத்தை முடிப்பதற்குள் வகுப்பு இரண்டு கட்சியாகி, "நீ ஒன்றை விட்டாய், நான் ஒன்றை இரட்டித்தேன்" என்று வழக்காடியது. பல்லாங்குழி ஆடிப் பழகிய கைகள் அவை. கணக்கை விட்டு எளிதில் எழவில்லை.

இவ்வாறு ஓர் எண்ணைப் பல கூறாக்கும் வகையைப் பகுப்பு என்போம். ஓர் எண்ணுக்கு எத்தனை பகுப்புகள் உளவோ அத்தொகையை அவ்வெண்ணின் பகுப்பெண் என்போம். நான்கின் பகுப்பெண் 5. பத்தின் பகுப்பெண் 42. நூற்றின் பகுப்பெண் 19,05,69,292. இருநூற்றின் பகுப்பெண்தான் தலைப்பில் நின்ற 39,72,99,90,29,388. ஒரு சிறு பையில் அடங்கும் கொட்டைகள்! நொடிக்கு ஒரு வகையாக ஒருவன் எண்ணத் தொடங்கினால் முடிக்க ஏறத்தாழ 1,25,900 ஆண்டுகள் ஆகும். 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி தமிழ்நாட்டு மக்கள் 7,21,47,030 பேர். அத்தனை பேரும் ஒருங்கிருந்து, நொடிக்கு ஒன்றாக, எவரும் எவர் எண்ணியதையும் மீண்டும் எண்ணாமல் எண்ணினாலும், பதினைந்து மணிக்கு மேல் வேண்டும்.

எண்ணித் தீராததை எங்ஙனம் கண்டனர்? இரண்டு வழிகள். இரண்டும் சந்தித்த இடமே இச்செய்தியின் உயிர்.

முதல்வழி பொறுமையின் வழி. பதினெட்டாம் நூற்றாண்டில் ஆயிலர் என்னும் சுவிசு நாட்டுப் பேரறிஞர், முந்திய பகுப்பெண்களைக் கொண்டே அடுத்ததைக் காணும் நெறியொன்றைக் கண்டார். வேண்டும் எண்ணிலிருந்து 1, 2, 5, 7, 12, 15, 22, 26 என்று பின்னோக்கிச் சென்று, அவ்விடங்களின் பகுப்பெண்களை இரண்டைக் கூட்டி, இரண்டைக் கழித்து, மீண்டும் இரண்டைக் கூட்டி, இரண்டைக் கழித்துச் செல்லவேண்டும். பத்துக்குப் பாருங்கள்: ஒன்பதின் பகுப்பெண் 30, எட்டின் பகுப்பெண் 22, கூட்டினால் 52. ஐந்தின் பகுப்பெண் 7, மூன்றின் பகுப்பெண் 3; இவற்றைக் கழித்தால் 42. கூட்டலும் கழித்தலும் அறிந்த எவனும் இதைச் செய்யலாம். ஆனால் இருநூறு வரை செல்ல இரும்பு நெஞ்சம் வேண்டும். மக்மகான் என்னும் ஆங்கிலேயர் அதனைச் செய்தார். அவர் இந்தியாவில் பீரங்கிப் படையில் பணியாற்றிப் பின் கணக்கறிஞராக விளங்கியவர். ஒன்று முதல் இருநூறு வரை ஒவ்வொன்றின் பகுப்பெண்ணையும் கையால் கணக்கிட்டுப் பட்டியலாக்கினார்.

இரண்டாம் வழி இராமாநுசன் வழி. 1887 திசம்பர் 22இல் ஈரோட்டில் பிறந்து குடந்தையில் வளர்ந்த இராமாநுசன், 1914இல் கடல்கடந்து கேம்பிரிட்சு சென்றார். அங்கு ஆர்டி என்பாரோடு கூடி, முந்திய பகுப்பெண் ஒன்றையும் நாடாமல், கொடுத்த எண்ணிலிருந்து நேரே பகுப்பெண்ணுக்குத் தாவும் வாய்பாட்டைக் கண்டார். 1918இல் அஃது அச்சேறியது. அதன் முதலுறுப்பை மட்டும் எளிமையாக்கிக் கணக்கிட்டால் இருநூற்றுக்கு ஏறத்தாழ 4,10,025 கோடி வருகிறது. உண்மையைவிட மூன்று விழுக்காட்டளவு மிகை. உறுப்புகளைக் கூட்டக் கூட்டப் பிழை சுருங்கும். எட்டு உறுப்புகளைக் கூட்டியபோது வந்த விடை 39,72,99,90,29,388.004. மக்மகான் பட்டியலைப் புரட்டினர். அங்கே 39,72,99,90,29,388 நின்றது. பதின்மூன்று இலக்கங்களும் ஒத்தன. எஞ்சிய பிழை ஒன்றில் ஆயிரத்துள் நான்கு கூறு.

ஒருவர் கூட்டியுங் கழித்தும் படிப்படியாய் ஏறி வந்த இடத்திற்கு, மற்றிருவர் வேறு மலையிலிருந்து தாவி வந்து இறங்கினர். அவர்களது வாய்பாட்டில் இருப்பது என்ன? வட்டத்தின் சுற்றளவு விட்டத்தைப் போல் எத்தனை மடங்கு என்னும் 3.14159… என்ற அளவு. புளியங்கொட்டையைக் குவிப்பதற்கும் வட்டத்திற்கும் என்ன உறவு? அவ்வுறவு உண்டு என்று காட்டியதே அவர்கள் ஆற்றல். பிழை சிறிதுமின்றி முடிவிலாத் தொடராக அவ்வாய்பாட்டை நிறைவு செய்தவர் இராடமாக்கர், ஆண்டு 1937.

இத்தோடு நின்றிருந்தால் இஃது ஒரு கணக்குத் திறனாக மட்டும் இருந்திருக்கும். இராமாநுசன் மக்மகானின் பட்டியலை விடைசரி பார்க்க மட்டும் பயன்படுத்தினாரல்லர். இலக்கியம் படிப்பான் போல் படித்தார். நீங்களும் படிக்கலாம். 4, 9, 14, 19, 24 ஆகியவற்றின் பகுப்பெண்கள் 5, 30, 135, 490, 1575. அனைத்தும் ஐந்தால் வகுபடுவன. ஐந்தால் வகுத்து நான்கு மீதியாகும் எண் எதுவாயினும் அதன் பகுப்பெண் ஐந்தால் வகுபடும் என்பது நெறி. ஏழால் வகுத்து ஐந்து மீதியாகும் எண்ணின் பகுப்பெண் ஏழால் வகுபடும்: 5க்கு 7, 12க்கு 77, 19க்கு 490, 26க்கு 2436. பதினொன்றால் வகுத்து ஆறு மீதியாகும் எண்ணின் பகுப்பெண் பதினொன்றால் வகுபடும்: 6க்கு 11, 17க்கு 297, 28க்கு 3718. பகுப்பு என்பது கூட்டலால் ஆவது. வகுபடுதல் என்பது பெருக்கலைச் சார்ந்தது. கூட்டலின் வீட்டில் பெருக்கல் இத்துணை ஒழுங்காக வந்து குடியிருக்கும் என்று எவரும் எதிர்பார்க்கவில்லை. 1919இல் இராமாநுசன் இவற்றை வெளியிட்டார். இத்துணை எளிய ஒழுங்கு 5, 7, 11 என்னும் மூன்று பகா எண்களுக்கன்றி வேறெதற்கும் இல்லை என்பது 2003இல் மெய்ப்பிக்கப்பட்டது. மூன்றே மூன்று, அம்மூன்றையும் அவர் கண் கண்டுவிட்டது.

நம் பேரெண் இந்நெறிகளில் எதற்கும் உட்படாது. இருநூற்றை ஐந்தால் வகுத்தால் மீதியில்லை. ஏழால் வகுத்தால் நான்கு. பதினொன்றால் வகுத்தால் இரண்டு. ஆகவே 5, 7, 11 மூன்றாலும் அது வகுபடுமென்று நெறி சொல்லவில்லை. வகுத்துப் பார்த்தாலும் வகுபடவில்லை. ஆனால் அதன் இலக்கங்களைக் கூட்டினால் 78. ஆதலின் மூன்றால் வகுபடும். ஈற்றில் 88, ஆதலின் நான்காலும் வகுபடும். அண்டை வீட்டில் இருக்கும் 199ஐப் பாருங்கள். அதனை 25ஆல் வகுத்தால் 24 மீதி. அத்தகைய எண்ணின் பகுப்பெண் 25ஆல் வகுபடும் என்பதும் இராமாநுசன் நெறியே. 199இன் பகுப்பெண் 36,46,07,24,32,125. ஈற்றைக் கண்ட அளவிலேயே 25ஆல் வகுபடுவது விளங்கும். இவ்வளவு அறிந்தும், ஒரு பகுப்பெண் இரட்டையா ஒற்றையா என்று பார்த்தவுடன் சொல்லும் எளிய நெறி இன்றுவரை கிட்டவில்லை. குழந்தை கேட்கும் வினா. உலகம் விடை தேடிக்கொண்டிருக்கிறது.

இங்கே நம் அன்பர்கட்கு ஒரு சொல். சவ்வாது மலைமேல் காவலூரில் வைணு பாப்பு பெயர் தாங்கிய வானாய்வகம் உள்ளது. 1988 பிப்ரவரி 17இல் அங்கு இராசமோகன் என்னும் வானியலறிஞர் சிறுகோள் ஒன்றைக் கண்டார். சென்னை வானாய்வகத்தில் போக்சன் 1885இல் கண்டதற்குப் பின், நூறாண்டுக்கு மேல் கழித்து, இந்திய மண்ணிலிருந்து காணப்பட்ட சிறுகோள் அது. அதற்கு இராமாநுசன் பெயரிடப்பட்டது. வரிசை எண் 4130. நல்ல செயல். இதனைக் கேள்வியுற்ற அன்பர் ஒருவர் என்னிடம் ஓடிவந்து, 4130ஐப் பகுத்தால் 2, 5, 7, 59 வருகிறது, ஐந்தும் ஏழும் இராமாநுசனின் எண்களல்லவா, இதில் ஏதோ பொருள் உண்டு என்றார். ஒரு பொருளும் இல்லை. பதினொன்று எங்கே போயிற்று என்று கேட்டேன். இவ்வகைத் தற்செயலைத் தெய்வச் செயலாக்கி, பெயரில் ஓர் எழுத்தைக் கூட்டினால் வாழ்வு வளம்பெறும் என்று காசு பறிக்கும் எண்கணியக் கடைகள் நம் ஊர்தோறும் பெருகிவிட்டன. தனித்தமிழ்ப் பெயர் வைத்துக்கொண்டவர்கூட அப்பெயரின் ஈற்றில் ஆங்கில எழுத்தொன்றை இரட்டிக்கிறார். எண்ணின் உண்மையான இயல்பை அறியாத இடத்தில்தான் பொய்யியல்பு விலைபோகும்.

எண் எவர்க்கும் தலைவணங்காது, கண்டவர்க்கும் வணங்காது. இதற்கும் சான்றுண்டு. 5, 7, 11 என்பவற்றின் மேல்மடிகளுக்கும் தம் நெறி செல்லும் என்று இராமாநுசன் உய்த்துணர்ந்து உரைத்திருந்தார். அதன்படி 49ஆல் வகுத்து 47 மீதியாகும் எண்ணின் பகுப்பெண் 49ஆல் வகுபட வேண்டும். 47இன் பகுப்பெண் 1,24,754. அது 49 × 2546. சரியே. அடுத்து, 343ஆல் வகுத்து 243 மீதியாகும் எண்ணின் பகுப்பெண் 343ஆல் வகுபட வேண்டும். மக்மகான் பட்டியலோ இருநூற்றோடு முடிந்துவிட்டது. பஞ்சாபைச் சேர்ந்த அன்சுராசு குப்தா அதனை முந்நூறு வரை நீட்டினார். அப்பட்டியலில் 243க்கு நேரே நின்றது 13,39,78,25,93,44,888. 1934இல் சவ்லா அதனை எடுத்து வகுத்தார். ஏழால் வகுபட்டது, மீண்டும் ஏழால் வகுபட்டது, மூன்றாம் முறை ஐந்து மீதி நின்றது. இராமாநுசன் கூற்று ஏழின் மும்மடியில் முறிந்தது. பதினைந்து இலக்க எண் ஒன்று, மறைந்து பதினான்கு ஆண்டுகளான பேரறிஞரை மறுத்தது. அவர் பெருமை அதனால் குறைந்ததா? குறையவில்லை. 1938இல் வாட்சன் அக்கூற்றைத் திருத்தி மெய்ப்பித்தார். பதினொன்றின் மடிகளுக்கு அது செல்லும் என்பதை 1967இல் அட்கின் மெய்ப்பித்தார். பிழைபட்ட ஓர் ஊகத்திலிருந்தே ஒரு துறை கிளைத்தது.

நம்மவர் இராமாநுசனைப் போற்றுவது இவ்வாறன்று. 1962இல் அஞ்சல்தலை வந்தது. 2012 முதல் அவர் பிறந்தநாள் நாடளாவிய கணக்கு நாளாயிற்று. அந்நாளில் படத்திற்கு மாலை. அவரது வறுமையைப் பற்றியும், வாடகை உந்து எண் 1729 பற்றியும் ஐந்து நிமையப் பேச்சு. 1729ஐ இருவகையில் இரு மும்மடிகளின் கூட்டாக எழுதலாம் என்பது இனிய செய்திதான். ஆனால் அவர் வாழ்நாள் உழைப்பு அதுவன்று. பகுப்பு பற்றி ஒரு சொல்லும் கேட்டதில்லை. குடந்தை அரசுக் கல்லூரியில் உதவித்தொகையோடு சேர்ந்த அவர், ஆங்கிலத் தேர்வில் தோற்று அத்தொகையை இழந்தார் என்பதையாவது சொல்கிறார்களா என்றால், அதனையும் விழுங்கிவிடுகின்றனர். பின்னர்ச் சென்னைக் கல்லூரியிலும் அவர் தேறவில்லை. கணக்கன்றி மற்றவற்றை அவர் புறக்கணித்ததும் உண்மை. ஆயினும் எண்ணின் உள்ளம் அறிந்தவனை ஆங்கிலக் கட்டுரை கொண்டு அளந்த கல்விமுறை மாறிவிட்டதா?

நம் பக்கத்துக் குறையையும் மூடி மறைக்க வேண்டா. இராமாநுசன் தம் குறிப்பேடுகளைத் தமிழில் எழுதினாரல்லர். அவர் கற்ற கணக்கு நூல்கள் ஆங்கில நூல்கள். அதற்கு அவரைக் குறைகூறிப் பயனில்லை. தமிழில் அத்தகு நூல் அன்று இருந்ததா? நம் முன்னோர் எண்ணுக்கு அஞ்சியவரல்லர். மேலே தாமரை, வெள்ளம், ஆம்பல் என்று எண்களுக்குப் பெயரிட்டனர். அவ்வீற்றுச் சொற்களின் புணர்ச்சிக்குத் தொல்காப்பியத்தில் நூற்பா உண்டு. பரிபாடலிலும் அப்பெயர்கள் உண்டு. கீழே ஒன்றை முந்நூற்றிருபது கூறாக்கி ஒரு கூற்றை முந்திரி என்றனர். அம்முந்திரியையும் முந்நூற்றிருபதாக்கிக் கீழ்முந்திரி கண்டனர். தாமரை என்றால் ஒன்றன்பின் எத்தனை சுழி, வெள்ளம் என்றால் எத்தனை சுழி என்று இப்போது சிலர் பட்டியல் அடித்து வழங்குகிறார்கள். தொல்காப்பியத்தில் அம்மதிப்புகள் இல்லை. இல்லாததை ஏற்றிச் சொல்வது தமிழ்த்தொண்டாகாது. இருப்பதே போதும். ஆனால் பேரெண்ணுக்குப் பெயர் வைத்த மொழியில் பேரெண்ணின் இயல்பைப் பேசும் நூல் வேண்டுமே! பெயர் வைத்தவர் பணி முடிந்தது. நம் பணி தொடங்கவில்லை.

2012-13 முதல் அரசுப் பள்ளிகளிலும் ஆங்கிலவழிப் பிரிவுகள் பெருகின. மலைவாழ் பெற்றோரும் அதையே நாடுகின்றனர். அவர்களைக் குறை சொல்லேன். ஆங்கிலமே சோறு என்று சொல்லிக் கொடுத்தவர் நாமல்லவா? ஆனால் யான் கண்ணாரக் கண்டது இது: "புளியங்கொட்டையைக் குவி" என்றபோது வழக்காடிய அதே பிள்ளை, அதே கணக்கை அயன்மொழித் தொடரில் எழுதிப்போட்டால் வாய்மூடி, கரும்பலகையைப் பார்த்தபடி நிற்கிறான். கணக்கு அவனுக்குத் தெரியாததன்று, தொடர் தெரியாது. தெரியாத தொடரைத் தெரியாத கணக்காக எண்ணி, தன்னை மந்தன் என்று தானே முடிவுகட்டிக்கொள்கிறான். அம்முடிவை அவன் வாழ்நாளெல்லாம் சுமப்பான்.

ஆகவே வேண்டுவது இரண்டு. ஆறாம் வகுப்புக் கணக்கு நூலில் பகுப்புக்கு நான்கு பக்கம்: கொட்டைக் குவியல், ஆயிலர் நெறி, ஐந்தின் ஒழுங்கு, இருநூற்றின் பகுப்பெண். கல்லூரி மாணவர்க்கு, பகுப்பெண் பற்றி முழுத் தமிழில் ஒரு நூல். பின்னதற்குக் கணக்கறிஞரும் தமிழறிஞரும் ஒருங்கமர வேண்டும்; ஒருவரின்றி ஒருவர் செய்தால் ஒன்று கணக்குக் கெடும், அன்றேல் தமிழ் கெடும்.

சொற்களை இப்போதே கூர்மைப்படுத்தத் தொடங்கலாம். இக்கட்டுரையில் பகுப்பு, பகுப்பெண், மேல்மடி, பகா எண், மீதி, மெய்ப்பிப்பு என்பவற்றை ஆண்டுள்ளேன். பகுப்பு என்னுஞ் சொல் பகுதல், பகா எண் என்பவற்றோடு மயங்கும் என்றும், கூறுபாடு எனலாம் என்றும் தோழர் ஒருவர் கருதுகிறார். கூறுபாடு வேறுபாட்டையும் குறிக்குமாதலின் எனக்கு உடன்பாடில்லை. முடிவிலாத் தொடரில் உறுப்புகளைக் கூட்டக் கூட்ட விடை ஓரிடத்தில் சென்று குவிவதற்குக் குவிதல் என்னும் சொல் வழங்குகிறது, நன்று. இவற்றினும் பொருந்திய சொல் காண்பார், எடுத்துக்காட்டோடு இதழுக்கு எழுதுக. 11, 12, 13 ஆகியவற்றின் பகுப்பெண்களை ஆயிலர் நெறியால் கண்டு உடன் அனுப்பினால் மகிழ்வேன். விடைகள் 56, 77, 101. சுழியின் பகுப்பெண்ணை ஒன்று எனக் கொள்க. பன்னிரண்டில் அது தேவைப்படும்.